நாற்பத்தெட்டு

ஜூலை நான்கு என்றால்
எனக்கு முதலில் ஞாபகம் வருவது வெண்ணெய் உருகுவது.
ராஸ் தனூராவில், கம்பெனிக் குடியிருப்பின் மெஸ்ஸில்,
ஏ.சி. பதினாறில் ஓடியும்
ஐசிங் கூம்பு கைச்சூட்டில் இளகும்.
மூன்றடி நீளக் கேக். இடது மேல் மூலையில்
நீலச் சதுரம். அதற்குள் ஐம்பது நட்சத்திரம்.

தூத்துக்குடியில் மக்ரூன் பிழிந்த கை இது.
அழுத்தி, சுழற்றி, வெடுக்கென்று எடுத்தால்
மக்ரூன்தான் வரும்.
மார்லீன் அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு,
"பரவாயில்லை சேவர், வானத்திலும்
முனை எண்ணியா பார்க்கிறோம்?" என்றாள்.
சவரிமுத்து அவர்கள் வாயில் சேவர் ஆகியிருந்தேன்.

வெயில் நாற்பத்தொன்றுக்கு இறங்கியதும்
ஊர்வலம் புறப்படும்.
ஊர்வலம் என்றால் பதினேழு சைக்கிள்,
தள்ளுவண்டியில் ஒரு குழந்தை,
நாக்கைத் தொங்கப்போட்ட ஒரு நாய்.
பாதிக் குடும்பங்கள் லீவுக்குப் போயிருக்கும் மாதம்.
சக்கரக் கம்பிகளில் சிவப்பு, வெள்ளை, நீலக் கிரேப் தாள் சுற்றி
எட்டாம் தெருவிலிருந்து நீச்சல் குளம் வரை,
வேலியைத் தாண்டாமல்.
வேலிக்கு அந்தப் பக்கம் அது சாதாரணப் புதன்கிழமை.

சாக்கு ஓட்டத்துக்கு என் ஸ்டோரின் பாஸ்மதிச் சாக்குகள்.
பன்றி இல்லாத ஹாட் டாக்.
தர்பூசணி விதையை யார் தூரம் துப்புவதென்று போட்டி,
அதில் தலைமை இன்ஜினியரும் சேர்ந்தார்,
தோற்றார், கோபித்துக்கொண்டார்.
ஆப்பிள் ஜூஸ் என்று ஊற்றியது என்னவென்று
நான் எழுத மாட்டேன்.

வாணவேடிக்கைக்கு அனுமதி இல்லை.
இருட்டியதும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு
சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.
உயரத்தில் கேஸ் எரிந்தது, தினமும் எரிவதுபோல.
காற்றில் தழல் சாய்ந்தபோது
யாரோ "ஆ" என்றார்கள்.
பிறகு எல்லோரும் என்றார்கள்.
தட்டு பொறுக்கிக்கொண்டே நானும் சொன்னேன்.

எண்பத்துநாலில் நட்சத்திரம் குறைந்துவிட்டது.
வெள்ளை ஐசிங் தீர்ந்ததோ, கணக்கு தவறியதோ.
வெர்ன் டக்கெட், ஒக்லஹோமாக்காரர், துளை போடும் பிரிவு,
ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி,
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் அலமாரியில்,
அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
"நாற்பத்தெட்டு" என்றார்.
"நான் பையனாக இருந்தபோது இவ்வளவுதான் இருந்தது.
இதுதான் என் கொடி."
அந்த மூலையை மட்டும் வெட்டித் தரச் சொல்லி
நின்றபடியே தின்றார். மீசையில் நீலம்.
அதன்பின் யாரோடும் பேசவில்லை.

மார்லீன் அம்மாளின் மகன் டாரில்
அடுத்த நாள் பின்கதவில் வந்து கேட்டான்,
"உங்களுக்கு எப்போது?"
ஆகஸ்டு பதினைந்து என்றேன். அத்தோடு மறந்தேன்.
அன்று காலை மாவு பிசையும்போது மணிச்சத்தம்.
ஆறு வாரம் வெயிலில் நின்ற சைக்கிளில்
சிவப்புத் தாள் வெளுத்து ஆரஞ்சாகியிருந்தது.
நீலத்தைக் கிழித்து எடுத்திருந்தான்.
பச்சைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போல,
கைப்பிடியில் ஒரு கட்டுக் கொத்தமல்லி,
என் ஸ்டோரில் கேட்காமல் எடுத்தது.
மெஸ்ஸைச் சுற்றி ஒரே ஒரு சுற்று.
பார்த்தது நானும், பாத்திரம் கழுவும் மொய்தீனும்.
கொத்தமல்லியை மத்தியானம் ரசத்தில் போட்டுவிட்டோம்.

இப்போது அல் கோபாரில், பாலக்காட்டுக்காரர் பேக்கரியில் வேலை.
ஜூலை நான்குக்கு ஆர்டர் எதுவும் வருவதில்லை.
அமெரிக்கா எனக்குத் தெரியாது,
அதன் ஒரு ஏர்போர்ட்டைக்கூடப் பார்த்ததில்லை.
இருந்தும் அன்று சாயங்காலம்
உடம்பு எதற்கோ பரபரக்கிறது,
எங்கோ நாற்காலிகள் திரும்புவதுபோல.
ஷட்டர் இறக்கிய பிறகு மிஞ்சிய ஐசிங்கை
பட்டர் பேப்பரில் பிழிந்து பார்ப்பேன்.
வாய்விட்டு எண்ணிக்கொண்டுதான்.
நாற்பத்தெட்டில் கை நின்றுவிடுகிறது.